பதினொரு பேருக்கு ஒரு புத்தகம்

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாகப் பதினொரு பேர் சேர்ந்து ஒன்றரை வருடமாக மாதம் ஒரு புத்தகம் படிக்கிறோம். கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுவோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கல்லூரிப் பெண்கள் இருவர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மற்றவர்கள் என்னைப் போல வீட்டைக் கவனிப்பவர்கள். போன கோடையில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள ஒரு வரலாற்று நாவலை எடுத்தோம். மூன்று மாதம் இழுத்தது. நான்கு பேர்தான் முடித்தோம். அதிலிருந்து கூட்டத்துக்கு ஆறு பேர், ஏழு பேர்தான் வருகிறார்கள். தையல் கடை அக்கா வருவதே இல்லை. அடுத்த புத்தகத்துக்கு வாட்ஸப்பில் ஓட்டு வைத்தால் மனக்கசப்பு வருகிறது. தலைமையாசிரியர் ‘பொன்னியின் செல்வன்’ என்கிறார், வங்கித் தம்பி சுயமுன்னேற்றப் புத்தகம் என்கிறார், பெண்கள் இருவரும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்கிறார்கள். நல்ல நூல்களாக ஒரு பட்டியல் தந்தால் அதை வைத்து முடிவு செய்துவிடுவோம்.
— கும்பகோணம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

பொது நூலகத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். காவிரிக் கரை ஊர்களில் கிளை நூலகங்களில் இருந்தபோது வாசகர் வட்டம் நடத்துவதும் என் வேலையில் சேர்ந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இப்போது நான் பட்டியல் தந்தால் உங்கள் ஓட்டெடுப்பில் இன்னும் இருபது பெயர் சேரும், வேறு ஒன்றும் நடக்காது. பெயர்களும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பேச வேண்டியது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

“தையல் கடை அக்கா வருவதே இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவருக்குப் புத்தகம் பிடிக்காமல் போயிருக்காது. அவரால் முடிக்க முடியவில்லை. முடிக்காமல் வந்து முடித்தவர்கள் நடுவில் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். முதல் மாதம் ஏதாவது காரணம் சொல்லியிருப்பார். இரண்டாவது மாதம் காரணமும் சொல்லியிருக்க மாட்டார். வாசகர் வட்டத்திலிருந்து ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் விலகுவார்கள், சத்தமே இருக்காது.

நூலகத்தில் நாங்கள் ஒன்றைக் கவனிப்போம். பலர் கைமாறித் திரும்பி வந்த தடித்த புத்தகத்தை மூடிப் பிடித்து, பக்கங்களின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள். கைபட்ட பக்கங்கள் வரை ஓரம் மங்கி, லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். அதற்கப்புறம் புதுத்தாள் போல வெள்ளையாக இருக்கும். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கடைசிப் பக்கத்துத் தேதித் தாள் சொல்லும். எதுவரை படித்தார்கள் என்பதை அந்த ஓரம் சொல்லிவிடும். ஒருமுறை எங்கள் வட்டத்துக்காகப் பெரிய நாவல் ஒன்றை ஐந்து பிரதி வரவழைத்தேன். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் பேருந்துச் சீட்டு, ஒன்றில் காலியான மாத்திரை அட்டை, ஒன்றில் மடித்த ரேஷன் கடைப் பில். மூன்றும் இருநூறாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அந்த மூன்று பேரும் கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையடைத்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பத்து மணிக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் ஒருவர் ஒரு நாளைக்கு 10 பக்கம் படித்தாலே பெரிது. மாதத்தில் பத்து நாள் கல்யாணம், காய்ச்சல், விருந்தாளி, அசதி என்று போய்விடும். மிச்சம் 20 நாள், 200 பக்கம். ஆகவே மாதப் புத்தகம் 200 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 150 என்றால் இன்னும் நல்லது. வேகமாகப் படிப்பவர்கள் மீதி நாளில் அதையே இரண்டாம் முறை படிக்கட்டும். இரண்டாம் முறை படித்தவரின் பேச்சு எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அப்புறம் அந்த ஓட்டெடுப்பு. அதை நிறுத்திவிடுங்கள். ஓட்டில் ஒரு புத்தகம் ஜெயித்தால் நான்கு புத்தகம் தோற்கும். தோற்ற நான்கு பேரும் அந்த மாதம் அரை மனதோடு படிப்பார்கள். ஜெயித்த புத்தகத்துக்கும் பொறுப்பாளர் யாரும் கிடையாது. அது சரியாக அமையாவிட்டால் “எல்லாரும்தானே கை தூக்கினோம்” என்று போய்விடும். நான் இருந்த ஊர்களில் நிலைத்த ஏற்பாடு முறை வைத்துக்கொள்வதுதான். இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். முறை யாருடையதோ அவர் சொல்வதுதான் புத்தகம். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், அந்தப் புத்தகத்தை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். விருது வாங்கியது, நண்பர் சொன்னார், ஊரெல்லாம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் போதாது. “நான் படித்தேன், இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, உங்களோடு பேச வேண்டும்” என்று ஒருவர் கொண்டுவரும் புத்தகம் சோடை போய் நான் பார்த்ததில்லை. அப்படிப் பார்த்தால் கல்லூரிப் பெண்கள் கொண்டுவரும் புத்தகத்தைத் தலைமையாசிரியரும் படிப்பார், அவர் கொண்டுவருவதை அவர்களும் படிப்பார்கள். தன் முறை வரும் என்று தெரிந்தவருக்குப் பொறுமை தானாக வரும்.

இதோடு இன்னொரு உரிமையும் எல்லாருக்கும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஒரு புத்தகத்தை “இது வேண்டாம்” என்று தனியாகச் சொல்லலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இதை நான் எங்கே கற்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கிளை நூலகத்தில் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலை நான் தேர்ந்தெடுத்தேன். 1994இல் வந்த நாவல். காலனி மக்களுக்குத் துணி வெளுத்து, அவர்கள் கொடுக்கும் சோற்றையும் தானியத்தையும் வைத்துக் குடும்பம் நடத்தும் ஆரோக்கியம் என்ற பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் படிநிலை எப்படி இருக்கிறது என்பதை அவ்வளவு அருகில் போய்க் காட்டிய நாவல் அதற்கு முன் எனக்குத் தெரியாது. நான் அதை மிகவும் நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். எங்கள் வட்டத்தில் ஓர் இளைஞர் இருந்தார். துணி வெளுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நன்றாகப் படிப்பவர், ஐந்தாறு மாதமாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தார். புத்தகத்தை அறிவிக்கும்போது அவரைப் பற்றிய யோசனையே எனக்கு வரவில்லை.

கூட்டத்தன்று பேச்சு ஆரம்பித்த பத்தாவது நிமிடம் ஒருவர் அவர் பக்கம் திரும்பி, “உங்க பக்கத்துல இதெல்லாம் நெஜமாவே இப்படித்தானா தம்பி?” என்று கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அடுத்தவரும் ஏதோ கேட்டார். பிறகு எல்லாரும் அவரைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றிரண்டு சொல்லில் பதில் சொன்னார். மடியில் புத்தகம் இருந்தது, உள்ளே நாலைந்து இடத்தில் காகிதத் துண்டு செருகி அடையாளம் வைத்திருந்தார். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர் வரவில்லை.

மூன்று நான்கு மாதம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நானாகப் போய்ப் பேசினேன். “நல்ல நாவல்தான் சார். முழுசா படிச்சிட்டுத்தான் வந்தேன். எனக்கும் பேச நெறைய இருந்துச்சு. ஆனா கதையப் பத்தி யாரும் என்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே” என்றார். அன்று நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார். வட்டத்துக்குத் திரும்பி வரவில்லை.

அந்த மாதிரிப் புத்தகங்களைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொடத்தான் வேண்டும். ஆனால் தேர்ந்தெடுக்கும் முன்னால் பதினொரு முகத்தையும் ஒருமுறை மனதில் கொண்டுவாருங்கள். சாதி, குழந்தையின்மை, விதவைக் கோலம், தற்கொலை, குடி என்று எதைப் பற்றிய கதையாக இருந்தாலும், அது உங்கள் மொட்டைமாடியில் யாரோ ஒருவரின் வீட்டுக் கதையாகவும் இருக்கலாம். அவரிடம் முன்கூட்டியே தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் இன்னொரு மாதம் பார்த்துக்கொள்ளலாம். சரி என்றால் அவரும் மற்றவர்களைப் போல வாசகராகத்தான் வருகிறார் என்பதைப் பேச்சைத் தொடங்குபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி, அடுத்த மாதத்துக்கு வருவோம். உங்கள் குழுவுக்கு இப்போது தேவை முதலில் ஒரு வீட்டுப்பாடம் இல்லாத கூட்டம். எதையும் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையை மாடியிலேயே உரக்கப் படியுங்கள். 1943இல் எழுதிய கதை. நிதானமாகப் படித்தாலும் ஒரே கூட்டத்தில் முடித்துப் பேசுவதற்கும் நேரம் இருக்கும். அகலிகை கதையும் ராமாயணமும் உங்கள் பதினொரு பேருக்கும் தெரிந்திருக்கும், அதனால் யாரும் பின்தங்க மாட்டார்கள். ராமனின் கால் தூசி பட்டு எழுந்த அகலிகை, பின்னாளில் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது அதே ராமன்தான் என்று கேள்விப்படுகிறாள். மறுபடி கல்லாகிவிடுகிறாள். கதை தெரிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். முடிவு தெரிந்தே படிக்கலாம், அது வாசகரை எங்கெங்கே நிறுத்துகிறது என்பதுதான் முக்கியம். கோதமன் நல்லவனா? மன்னித்தவனோடு வாழ்வது சுலபமா? தலைமையாசிரியரும் கல்லூரிப் பெண்களும் இதில் ஒத்துப்போக மாட்டார்கள் என்று நான் நினைக்கிறேன், அது நடக்கட்டும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிப் படியுங்கள். தடுமாறிப் படிப்பவரை யாரும் திருத்த வேண்டாம். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. இணையத்திலும் முறையாகவே படிக்கக் கிடைக்கும்.

அதற்கடுத்த மாதம், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. இதைத்தான் நான் உங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க விரும்புகிறேன். எழுதி ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. சென்னையில் ஒரு தெரு, அதில் குழாயில் தண்ணீர் வராத ஒரு காலம். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா. சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி ஜமுனாவின் வாழ்க்கையைக் கலைத்துவிட்ட பாஸ்கர் ராவ். இவ்வளவுதான் மனிதர்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது, பம்பை அடிப்பது, தெருவைத் தோண்டிப் போட்டிருப்பது, எங்கே தண்ணீர் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பது. ஒரு வாக்கியம்கூட உரத்துப் பேசாது. அகராதியைத் தேட வைக்கும் சொல் கிடையாது. மிகச் சிறிய நாவல், நான் சொன்ன 200 பக்கக் கணக்குக்குள் தாராளமாக அடங்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் குழுவில் வீட்டைக் கவனிப்பவர்கள்தான் அதிகம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கூட்டங்களில் நிறையப் படித்தவர்தான் நிறையப் பேசுவார். இந்த நாவலை வைத்துப் பேசிய மூன்று வட்டங்களிலும் அது மாறியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் நான்கு மாதமாக வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்து வாயே திறக்காத அம்மா ஒருவர், “அவ அழறதுக்குக்கூட நேரம் பாத்துதான் அழணும் சார், தண்ணி வர்ற நேரத்துல அழ முடியாது” என்றார். நாவலைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு நடுவில் வந்து உட்கார்ந்தார்.

படித்து முடித்தபின் “பிடித்ததா, பிடிக்கவில்லையா” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு வரி வரும், பேச்சு முடிந்துவிடும். தங்கை அவ்வளவு தடுத்தும் ஜமுனா ஏன் பாஸ்கர் ராவோடு கிளம்புகிறாள்? டீச்சரம்மா தன் கதையை ஜமுனாவிடம் சொல்கிறாளே, அது ஆறுதலா, கண்டிப்பா? இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை மணி நேரம் போதாது. ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். ஜமுனா உயிரையே வெறுக்கும் நிலைக்குப் போகிறாள். அந்த நினைவு யாருக்காவது பச்சையாக இருந்தால், மேலே சொன்னபடி முதலில் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

கல்லூரிப் பெண்கள் ஆங்கில வழியில் படித்தவர்களாக இருந்து, தமிழில் வேகமாகப் படிக்க வராவிட்டால், லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தமிழில் பேசட்டும். டீச்சரம்மா பேசும் இடத்தை மட்டும் இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். தமிழில் படித்தவர்களுக்கும் அது புதிதாக இருக்கும்.

பிரதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். யாராவது ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை வாட்ஸப்பில் போடுவார்கள். உரிமை உள்ள புத்தகத்தை அப்படிப் படிக்காதீர்கள். தமிழில் ஒரு நல்ல நாவல் சில நூறு பிரதி விற்பதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். பதினொரு பேரும் வாங்க வேண்டும் என்றில்லை. பொதுச் செலவில் நான்கு பிரதி வாங்குங்கள், நூலகத்தில் ஒன்று கிடைக்கும். ஐந்து பிரதி, பதினொரு பேர். சிறிய நாவல் என்பதால் ஒருவருக்குப் பத்து நாள் போதும், ஒரே மாதத்தில் எல்லார் கையிலும் ஒரு சுற்று வந்துவிடும். மெதுவாகப் படிப்பவருக்கு முதல் சுற்றிலேயே கொடுத்து, மாதம் முழுக்க அவரிடமே விட்டுவிடுங்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கையில் கிடைத்தால் யாராலும் படிக்க முடியாது. அந்தக் கடைசி இடம் எப்போதும் கேட்கத் தயங்குபவருக்குத்தான் வந்து சேரும்.

தலைமையாசிரியர் கேட்கும் ‘பொன்னியின் செல்வன்’ பற்றி. அவர் ஆசை நியாயமானது, அதை ஓட்டில் தோற்கடித்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குடந்தை சோதிடர் வரும் கதை, பழையாறை அரண்மனையும் வரும் கதை, கும்பகோணத்துக்காரர்கள் படிக்காமல் வேறு யார் படிப்பது? ஆனால் அதை மாதப் புத்தகமாக வைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் மூன்றரை வருடம் வாராவாரம் வந்த தொடர்கதை அது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஒரு வாரம் காத்திருக்கும் வாசகருக்காகக் கட்டிய கதை என்பது அத்தியாய முடிவுகளைப் பார்த்தாலே தெரியும். ஒரே மூச்சில் ஓட்டினால் அந்தக் கட்டுமானமே உறுத்த ஆரம்பிக்கும். ஆகவே அதைத் தொடராகவே படியுங்கள். வாரம் 6 அத்தியாயம் வைத்தால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரட்டும், பொறுப்பு தலைமையாசிரியருடையது. மாதக் கூட்டத்தில் கடைசி இருபது நிமிடம் அவருக்குக் கொடுங்கள். கல்கியின் எழுத்தும் நாட்டுடைமைதான், இணையத்தில் படித்தால் செலவு கிடையாது. முதல் பாகம் முடிந்ததும் ஒருநாள் காலையில் எல்லாரும் பழையாறைக்குப் போய் வாருங்கள், பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அரண்மனை ஒன்றும் மிச்சம் இல்லை, கோயில் இருக்கிறது. இங்கேதான் குந்தவை இருந்தாள் என்று நினைத்துக்கொண்டு அந்த வயல் வரப்பில் நடக்கும்போது கதை வேறு விதமாக மனதில் உட்காரும்.

வங்கித் தம்பியின் கோரிக்கையையும் தள்ளிவிடாதீர்கள். சுயமுன்னேற்றப் புத்தகத்தைக் கூடிப் படிப்பதில் எனக்குத் தெரிந்த சிக்கல் ஒன்றுதான். அது முடிவை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும், நாம் பேசிக் கண்டுபிடிக்க மிச்சம் வைக்காது. தனியாகப் படிக்க அது போதும். அவர் தேடுவது உண்மையில் உழைத்து முன்னேறிய ஒரு வாழ்க்கையை என்றால், அதற்குக் கும்பகோணத்திலேயே ஒரு கதை இருக்கிறது. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, 1942இல் அவர் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றது. முழுதும் பெரிய நூல். அதில் அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்ததைச் சொல்லும் அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நூறு பக்கத்துக்குள் அடங்கும்.

அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. 1880ஆம் வருடம். அரியலூரிலிருந்து மாற்றலாகி உங்கள் ஊருக்கு முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தான் கற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்கள் எதையாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். சாமிநாதையர் அதைப் பார்த்ததுகூட இல்லை. அவர் படித்தது கொஞ்சமா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அப்படிப்பட்டவருக்கே அடுத்த புத்தகத்தை இன்னொருவர்தான் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சிந்தாமணியை வரி வரியாகப் படிக்கிறார்கள். சமண சமயச் செய்திகள் புரியாமல் நின்றபோது, கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப்போய்க் கேட்கிறார். அவர்கள் அந்த நூலைத் தங்கள் வீடுகளில் பக்தியோடு படித்து வந்தவர்கள், அதனால் அவர்களிடம் பதில் இருந்தது. ஏழு வருடம் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. வங்கித் தம்பி இதைப் படித்துவிட்டு வந்து பேசட்டும். அவர் தேடிய முன்னேற்றம் இதில் இருக்கிறதா இல்லையா என்பதை அவரே சொல்லட்டும்.

பெண்கள் இருவருக்கும் அவர்கள் முறை வரும்போது, மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ தமிழில் கிடைக்கிறது என்று மட்டும் காதில் போட்டு வையுங்கள். ஒரு வீடு நிறைய ஆட்களும் குழந்தைகளும் கோழிகளும், நடுவில் எழுத்தாளரின் புத்தகத்தையே தின்றுவிடும் ஓர் ஆடு. ஆனால் அவர்கள் வேறு ஏதாவது படித்து அதில் மனம் பறிகொடுத்திருந்தால் அதையே கொண்டுவரட்டும், நான் சொன்னது வேண்டாம்.

இதெல்லாம் பிறகு நடக்க வேண்டியது. இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘தண்ணீர்’ ஒரு பிரதி வாங்கிக்கொண்டு நீங்கள் அந்தத் தையல் கடைக்குப் போக வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். தைக்கக் கொடுக்க ரவிக்கைத் துணி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் போய், அக்கா மிஷினில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள். மிஷின் சத்தம் ஏதாவது ஓர் இடத்தில் நிற்கும். எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மாடியில் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் வந்தாரா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.